மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு

கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்டால் நீங்கள் உடனே ஆர்க்கிமிடீஸின் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை கப்பலை மேல்நோக்கித் தாங்குகிறது. அதனால்தான் பல்லாயிரம் டன் இரும்பும் கடலில் மிதக்கிறது. இது வகுப்பில் படித்த பாடம். ஆனால் அதற்கு அடுத்தபடியாக இன்னொரு கேள்வி இருக்கிறது. கப்பல் ஏன் நிமிர்ந்தே மிதக்கிறது? ஒரு நீண்ட மரக்கட்டையைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் படுத்துவிடும். படுத்த நிலையிலும் அது மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மிதப்பதற்கு ஆர்க்கிமிடீஸ் போதும். நிமிர்ந்து மிதப்பதற்கு அவர் மட்டும் போதாது.

இந்தக் கேள்வி பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. மேற்படிப்புக்காகவோ, வேலைக்காகவோ, சுற்றிப் பார்ப்பதற்காகவோ நீங்கள் என்றாவது வெளிநாடு செல்லக்கூடும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கிரீஸ் போன்ற தீவுகள் நிறைந்த நாடுகளில் கப்பலும் படகும் நம் ஊர் பஸ்ஸைப் போன்றவை. டிக்கெட் வாங்கி, ஏறி, உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். பெரும்பாலான பயணங்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் முடியாமற்போன சில பயணங்களைப் பார்த்தால், மெல்ல மெல்ல மூழ்கிய கப்பலைவிடச் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்த கப்பலே மிகவும் கொடியது என்பது விளங்கும். மெல்ல மூழ்கும் கப்பல் தன் பயணிகளுக்கு நேரம் கொடுக்கிறது. கவிழும் கப்பல் கொடுப்பதில்லை. ஆகவே கப்பல் எப்படிக் கவிழ்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கப்பலில் ஏறியவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து தானாகவே புலப்படும்.

முப்பது பேர் ஓடிய ஓட்டம்

1628 ஆகஸ்டு 10-ஆம் நாள், சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து 'வாசா' என்ற புதிய போர்க்கப்பல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள், உயர்ந்த பின்மாடம், அதன்மீது நூற்றுக்கணக்கான மரச் சிற்பங்கள் என்று அரசரின் பெருமையைப் பறைசாற்றும் கப்பல். கரையில் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். புயல் ஒன்றும் அடிக்கவில்லை. மெல்லிய காற்று ஒன்று வந்து பாய்களைத் தள்ளியது. கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்து சற்று வலுவாக ஒரு வீச்சு. இம்முறை சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. திறந்திருந்த பீரங்கிச் சாளரங்களின் வழியே தண்ணீர் பாய்ந்தது. சுமார் 1,300 மீட்டர் தூரமே சென்றிருந்த 'வாசா', கரையில் நின்றவர்களின் கண்ணெதிரே மூழ்கிப்போயிற்று. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர்.

இதில் வியப்பு என்னவென்றால், புறப்படுவதற்கு முன்பே கப்பலைச் சோதித்திருந்தார்கள். 30 மாலுமிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒன்றாக ஓடச் செய்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடத் தொடங்கியது. கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சிய கடற்படைத் தளபதி ஓட்டத்தை நிறுத்திவிட்டார், கப்பலை நிறுத்தவில்லை! அந்தக் கப்பல் 1961-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்டு, இன்று ஸ்டாக்ஹோமில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மேலே நிறையச் சுமை, கீழே போதிய பாரம் இல்லை. அதுதான் 'வாசா'வின் குறை. இதை எப்படி அளப்பது என்று அக்காலத்துத் தச்சர்களுக்குத் தெரியாது. அளவிடும் வழியை 1746-இல் வெளியிட்டவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பியேர் பூகேர். அவர் அந்த நூலை எங்கே எழுதினார் தெரியுமா? பூமியின் வடிவத்தை அளக்கப் போன குழுவுடன், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் தங்கியிருந்த காலத்தில்! கப்பலைப் பற்றிய தலைசிறந்த நூலொன்று மலைமேல் எழுதப்பட்டது.

பூகேர் கண்ட புள்ளி

கப்பலின் எடை முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அதுதான் புவியீர்ப்பு மையம். நீரின் தாங்குவிசை முழுவதும் இன்னொரு புள்ளியிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவதாகக் கொள்ளலாம். அது மிதப்பு மையம். நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் நடுவில் இருக்கும். கப்பல் நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. இழுப்பும் தள்ளலும் நேருக்கு நேர்; சண்டையில்லை.

கப்பல் வலப்பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் நீருக்குள் இறங்குகிறது, இடப்பக்கம் கொஞ்சம் வெளியே வருகிறது. அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறிவிட்டதால் மிதப்பு மையமும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. இப்போது அங்கிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அது கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்தைத்தான் பூகேர் 'மெட்டாசென்டர்' என்றார். புவியீர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால், தாங்குவிசை சாய்ந்த பக்கத்தை மேலே தூக்கி கப்பலை நிமிர்த்தும். மேலே இருந்தால், அதே தாங்குவிசை கப்பலைப் புரட்டிப் போடும். காப்பாற்றும் விசையும் கவிழ்க்கும் விசையும் ஒன்றுதான். புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியை வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். ஐந்தாறு நாணயங்களை அதன் அடியில் பரப்பி, விரலால் ஓரத்தை அழுத்திவிட்டு விடுங்கள். பெட்டி வெடுக்கென்று நிமிரும். இப்போது நாணயங்களை எடுத்துவிட்டு, பெட்டியின் நடுவே இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி ஒட்டி, அவற்றின் உச்சியில் அதே நாணயங்களை ஒட்டுங்கள். மொத்த எடை பெரிதாக மாறவில்லை. பெட்டி அமிழும் ஆழமும் ஏறத்தாழ அதேதான். ஆனால் ஓரத்தை அழுத்திவிட்டால் பெட்டி சோம்பலாக, யோசித்து யோசித்து நிமிரும். இன்னும் ஒரு தீப்பெட்டி உயரம் கூட்டினால் நிமிராமலே போகலாம்.

அந்தச் 'சோம்பலை'க் கவனித்தீர்களா? மாலுமிகள் அதை நன்கு அறிவார்கள். கப்பல் ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. கப்பலின் அகலத்தை மீட்டரில் எடுத்து 0.8-ஆல் பெருக்குங்கள். புவியீர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையே உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுங்கள். விடை ஏறத்தாழ வினாடிகளில் கிடைக்கும். 20 மீட்டர் அகலமுள்ள கப்பலில் அந்த உயரம் 1 மீட்டர் என்றால் ஆட்ட நேரம் 16 வினாடி. உயரம் கால் மீட்டராகக் குறைந்தால் 32 வினாடி. ஆட்டம் மெதுவாக இருந்தால் பயணிக்குச் சுகமாகத்தான் இருக்கும், தொட்டிலில் கிடப்பதுபோல. ஆனால் வழக்கத்தைவிட மெதுவாகச் சாய்ந்து, அந்தப் பக்கமே நெடுநேரம் தங்கிப் பிறகு நிமிரும் கப்பலை அனுபவமுள்ள மாலுமி விரும்பமாட்டார்.

உயிர்காப்புப் படகுகளே எமனான கதை

1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது அதிலிருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல்; இருபது உயிர்காப்புப் படகுகளிலும் சேர்த்து இருந்த இடம் 1,178 பேருக்குத்தான். உலகமே அதிர்ந்தது. இனிமேல் படகுகள் போதுமான அளவு இருக்கவேண்டும் என்று நாடுகள் சட்டம் கொண்டுவந்தன. சரியான சட்டம்தான். ஆனால் அமெரிக்காவில், சிகாகோ நகர ஆற்றுத்துறையில் நின்ற 'ஈஸ்ட்லாண்டு' என்ற உல்லாசக் கப்பலுக்கு என்ன நேர்ந்தது பாருங்கள்.

அது ஏற்கெனவே மேல்பாரம் மிகுந்த கப்பல் என்று பெயரெடுத்தது. 1915 ஜூலை மாதம் அதன் மேல்தளத்தில் புதிதாக உயிர்காப்புப் படகுகளும் தெப்பங்களும் ஏற்றப்பட்டன. அதே மாதம் 24-ஆம் தேதி காலை, ஒரு தொழிற்சாலையின் ஊழியர்கள் குடும்பம் குடும்பமாகச் சுற்றுலா செல்ல அதில் ஏறினார்கள். 2,500 பேருக்கு மேல். கப்பல் புறப்படவேயில்லை, கயிறுகளால் கரையோடு கட்டப்பட்டிருந்தது. அந்த நிலையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்து, அப்படியே புரண்டது. ஆற்றின் ஆழம் அங்கே சுமார் 6 மீட்டர்தான். கரை கைக்கெட்டும் தூரம். இருந்தும் 844 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கப்பலின் உள்ளே சிக்கிக்கொண்டவர்கள்.

கப்பலில் ஏறும் சுமைகளில் தன் விருப்பப்படி நடமாடும் சுமை ஒன்று உண்டு. அது நாம்தான். எல்லோரும் மேல்தளத்துக்குப் போனால் புவியீர்ப்பு மையமும் மேலே போகிறது. எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் அதுவும் ஓரத்துக்கு நகர்கிறது. 'வாசா'வில் ஓடிய 30 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பலில் இது அவ்வளவாகத் தெரியாது. சிறிய சுற்றுலாப் படகில் இது உயிர்ப் பிரச்சினை. நமக்கு அருகில் உள்ள தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30-இல் இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக் கப்பலான 'லெ ஜூலா'வில் சுமார் 580 பேர்தான் ஏறலாம். 2002 செப்டம்பர் 26 இரவு, காம்பியா நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் புயற்காற்றில் அது கவிழ்ந்தபோது இறந்தவர்கள் மட்டுமே 1,800-க்கு மேல். பிழைத்தவர்கள் 64 பேர். கப்பல் புரள எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடங்கள் என்கிறார்கள்.

தாம்பாளத்தில் தண்ணீர்

ஒரு அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, இரு கைகளாலும் ஏந்தி நடந்து பாருங்கள். சிறிது சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, தட்டை இன்னும் சாய்க்கும். நீங்கள் மறுபக்கம் தூக்கினால் அத்தனையும் மறுபக்கம் பாயும். அதே தண்ணீரை நான்கு டம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்து நடந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீரின் எடை பெரிய ஆபத்தல்ல. அது தங்குதடையின்றி ஓடுவதுதான் ஆபத்து. தட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்தால்கூட இந்தத் தொல்லை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று கணக்குக் காட்டுகிறது. இதனால்தான் கப்பல் தொட்டிகளில் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன.

ஆனால் மோட்டார் வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் தடுப்புச் சுவர் வைக்க முடிவதில்லை. லாரிகளும் கார்களும் முன்வாயில் வழியாக நுழைந்து பின்வாயில் வழியாக வெளியேற வேண்டுமே! ஆகவே வண்டித்தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே வெளியாக, பெரிய தாம்பாளம்போல் இருக்கிறது. 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் புகுந்தால் அது 200 டன்னுக்கு மேல். கணுக்காலைத் தொடும் தண்ணீர்தான். ஆனால் 200 டன் ஒரே பக்கமாக ஓடினால் என்ன ஆகும்?

1987 மார்ச் 6-இல் அதுதான் ஆயிற்று. பெல்ஜியம் நாட்டின் ஸீப்ரூகே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்டது 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்'. அதன் முன்வாயிற் கதவை யாரும் மூடவில்லை. மூடவேண்டிய ஊழியர் அறையில் தூங்கிவிட்டார். கதவு மூடியிருக்கிறதா என்பதைக் கப்பல் தலைவர் தம் இடத்திலிருந்து பார்க்கவும் முடியாது. அதைக் காட்ட ஒரு சிறு விளக்குகூட அங்கே வைக்கப்படவில்லை. துறைமுகத்தைத் தாண்டி வேகமெடுத்ததும் அலை உள்ளே புகுந்தது. சுமார் ஒன்றரை நிமிடத்தில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து மணல்திட்டில் படுத்துவிட்டது. 193 பேர் மாண்டனர். ஒரு சிறு விளக்கும் கொஞ்சம் கம்பியும் என்ன விலை இருக்கும்!

பால்டிக் கடலில் 1994 செப்டம்பர் 28-இன் நள்ளிரவுக்குப் பின் 'எஸ்டோனியா' கப்பலின் முன்முகப்பை அலைகள் பெயர்த்தெடுத்தபோதும் வண்டித்தளத்தில்தான் நீர் புகுந்தது. கப்பலில் 989 பேர். இறந்தவர்கள் 852 பேர். அங்கே பயணிகளுக்குக் கிடைத்த நேரம் ஒரு கால்மணி. அதற்குள் சாய்வு 30 பாகையை எட்டிவிட்டது; அதன் பிறகு மாடிப்படி ஏறுவது எளிதாக இல்லை.

30 பாகை என்றால் என்ன என்று ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ஏறிப் பார்த்தால் தெரியும். சாய்வு இன்னும் கூடினால் குறுக்கு நடைபாதை ஒரு கிணறாக மாறிவிடும். கதவு தலைக்குமேல் போய்விடும். தட்டுமுட்டுச் சாமான்கள் உங்கள்மேல் சரியும். ஆக, கப்பலில் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது. தளம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது.

செவோல்

இந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் வயதுடைய மாணவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஏப்ரல் 16-ஆம் தேதி. தென்கொரியாவின் இஞ்சியான் துறைமுகத்திலிருந்து ஜேஜு தீவுக்குச் சென்றுகொண்டிருந்தது 'செவோல்' கப்பல். அதில் 476 பேர் இருந்தார்கள். அவர்களுள் 325 பேர், ஆன்சான் நகரில் உள்ள டான்வோன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளிச் சுற்றுலா.

நாம் இதுவரை பார்த்த குறைகளில் பல இந்த ஒரே கப்பலில் சேர்ந்திருந்தன. 1994-இல் ஜப்பானில் கட்டப்பட்ட அது, கொரியாவுக்கு வந்தபின் மேல்தளங்களில் கூடுதல் அறைகள் கட்டப்பட்டு மேல்பாரம் மிகுந்துவிட்டது. அதனால் சரக்கைக் குறைத்து, அடித்தொட்டிகளில் பாரத்துக்காக நிறைய நீர் நிரப்பியே ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில்தான் அனுமதி கிடைத்தது. அன்று ஏற்றியிருந்த சரக்கோ அனுமதித்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். அடித்தொட்டியில் நீர் குறைவு. வண்டிகளும் பெட்டகங்களும் சரியாகக் கட்டப்படவில்லை.

காலை 8.49 மணியளவில் கப்பல் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. பஸ் வலப்பக்கம் திரும்பும்போது நீங்கள் இடப்பக்கம் சாய்வீர்கள் அல்லவா? கப்பலும் இடப்பக்கம் சாய்ந்தது. கட்டாத சரக்கு சரிந்து அந்தச் சாய்வை நிரந்தரமாக்கியது. அந்தத் திருப்பம் எதனால் ஏற்பட்டது என்பதைப் பற்றி விசாரணைக் குழுவினரிடையே பின்னரும் கருத்து வேற்றுமை இருந்தது. நிலைத்தன்மை குன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

8.52-க்கு அவசர உதவி எண்ணுக்கு முதல் தொலைபேசி அழைப்பு சென்றது. அழைத்தவர் கப்பல் தலைவரல்லர், ஒரு மாணவர். அவர் உயிர் தப்பவில்லை. ஒலிபெருக்கி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிற்று: இருக்கும் இடத்திலேயே இருங்கள், அசையாதீர்கள். மாணவர்கள் உயிர்காப்புச் சட்டைகளை அணிந்துகொண்டு, ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு, சொன்னபடியே அறைகளில் காத்திருந்தார்கள். கப்பல் தலைவரும் மாலுமிகள் பலரும் முதலில் வந்த மீட்புப் படகுகளிலேயே ஏறி வெளியேறிவிட்டார்கள். சுமார் 10.30 மணிக்குக் கப்பல் முழுவதும் புரண்டுவிட்டது. ஏறத்தாழ 100 நிமிடங்கள். திறந்த தளத்துக்கு வந்தவர்களைப் படகுகளும் ஹெலிகாப்டர்களும் மீட்டன. இறந்தவர்கள் 304 பேர். அவர்களுள் 250 பேர் மாணவர்கள்; ஆசிரியர்கள் 11 பேர். கப்பல் தலைவருக்கு 2015-இல் ஆயுள் தண்டனை உறுதி செய்யப்பட்டது.

'அப்படியானால் மாலுமிகள் சொல்வதைக் கேட்கவே கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அபாயம் என்றதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். மாலுமிகள் பயிற்சி பெற்றவர்கள். பெரும்பாலான விபத்துகளில் பலரைக் காப்பாற்றியவர்களும் அவர்களே. ஆனால் கப்பல்களுக்கான சர்வதேச விதிகளே, அபாய ஒலி எழுந்ததும் பயணிகள் ஒன்றுகூடும் இடத்துக்கு வரவேண்டும் என்றுதான் கூறுகின்றன. அந்த இடம் படகுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். அடித்தளத்து அறை அல்ல. ஆட்டம் வேறு, சாய்வு வேறு. ஆடும் கப்பல் நிமிரும். சாய்ந்த தளம் நிமிராமல் அப்படியே நின்றுவிட்டால், கப்பலின் உட்புறம் காத்திருப்பதற்கு உரிய இடம் அன்று. உயிர்காப்புச் சட்டையுடன் திறந்த தளத்துக்குப் போய், அங்கே மாலுமிகளின் கட்டளைக்குக் காத்திருங்கள். பெட்டியைத் தேடாதீர்கள். பாஸ்போர்ட் போனால் தூதரகத்தில் வேறு வாங்கிக்கொள்ளலாம். லிஃப்ட் வேண்டாம், படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன்னே ஒரு பார்வை

துறையில் நிற்கும்போதே கப்பல் தன்னைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லும். அதன் விலாவின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும், வட்டத்தின் குறுக்கே ஒரு கோடும், பக்கத்தில் ஏணிபோலச் சில சிறு கோடுகளும் வரைந்திருப்பதைப் பார்க்கலாம். சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராடியதன் பயனாக 1876-இல் பிரிட்டனில் சட்டமான அடையாளம் இது. இந்தக் கடலில், இந்தப் பருவத்தில், இந்தக் கோட்டுக்குமேல் கப்பல் அமிழக்கூடாது என்பது பொருள். நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. நன்னீரில் அடர்த்தி குறைவு. ஆகவே அதே கப்பல் அதில் சற்று ஆழமாக அமிழும். நன்னீர்க் கோடு ஏன் மேலே இருக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? கோடுகள் எல்லாமே நீருக்குள் மறைந்திருந்தால், அந்தக் கப்பலில் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருப்பதே நல்லது. சிறு படகுகளில் இந்தக் குறி பெரும்பாலும் இராது. அங்கே பார்க்க வேண்டியது எத்தனை பேர் ஏறுகிறார்கள், கூரைமேல் ஆள் இருக்கிறார்களா, உயிர்காப்புச் சட்டைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பவைதாம். உட்கார்ந்தே இருங்கள். நிற்கும் ஒவ்வொருவரும் சோப்புப் பெட்டியின் உச்சியில் ஒட்டிய நாணயந்தான்.

பெரிய கப்பலில் ஏறியதும் உங்கள் அறையிலிருந்து திறந்த தளத்துக்கு இரண்டு வழிகளை நடந்தே பார்த்துவிடுங்கள். வழியில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டில் எண்ணிக்கை உதவும், வரைபடம் உதவாது. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் எழுந்தால் பொது அபாய அறிவிப்பு என்று பொருள். இது எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொது. 2012 ஜனவரி 13-இல் இத்தாலியின் கிக்லியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகள் அபாயப் பயிற்சி எதையும் பெற்றிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 ஜனவரி முதல், நெடும்பயணக் கப்பல்களில் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பலர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் சட்டையின் வாரைக் கட்டிப் பழகுங்கள்.

உயிர்காப்புச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 60 கிலோ எடையுள்ள மனிதரை அது எப்படித் தாங்குகிறது என்று வியக்க வேண்டாம். நம் உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான். நீருக்கு வெளியே நிற்க வேண்டிய தலையை மட்டும் தாங்கினால் போதும். அதற்குப் பத்துப் பதினைந்து கிலோ மிதப்பு தாராளம். நல்ல சட்டை, மயங்கியவரையும் ஐந்து வினாடிக்குள் முகம் மேலே இருக்கும்படி திருப்பி, வாயை நீர்மட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காற்றடைக்கும் வகையாக இருந்தால் வெளியே வந்தபின்தான் ஊத வேண்டும். நீர் நிரம்பிய அறைக்குள் ஊதிய சட்டை உங்களைக் கூரையோடு அழுத்திவிடும். கீழே குனிந்து வாசல் வழியே வெளியேற விடாது. 1996-இல் கொமோரோ தீவருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் பலர் இப்படி உள்ளேயே ஊதியதால் வெளியேற முடியாமல் இறந்தார்கள். குதிக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு கையால் மூக்கை மூடி, மறுகையால் சட்டையை மார்போடு கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, கால்களைச் சேர்த்துக் குதிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் உடல் கீழே போகும், சட்டை நீர்மட்டத்தில் நின்று தாடையில் அடிக்கும்.

நம் ஆறுகளிலும் குளங்களிலும் நீந்திப் பழகியவர்களுக்குத் தெரியாத பகைவர் ஒருவர் வடகடல்களில் உண்டு. அதுதான் குளிர். நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துச் செல்லும். குளிர்நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் தம்மையறியாமல் மூச்சுத் திணறுவார். அப்போது நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்குவதே வேலை. பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். கயிற்றைப் பற்றுவதோ தெப்பத்தில் ஏறுவதோ அதற்குள் நடக்க வேண்டும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஒரு மணி நேரம்போல் ஆகும். ஆகவே தெப்பம் இல்லையென்றால் வீணாக நீந்தி வெப்பத்தை இழக்காமல், முழங்கால்களை மார்போடு மடக்கி, கைகளால் அணைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். பலர் இருந்தால் நெருங்கி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, சிறுவர்களை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டையில் ஒரு விசிலும் சிறு விளக்கும் கட்டியிருக்கும். கத்தினால் தொண்டை சீக்கிரம் ஓய்ந்துவிடும், விசில் ஓயாது.